ஏழாம் நம்பர் கம்பைலர்

உக்காருங்க, பரவால்ல. பையை நான் மடியில வெச்சுக்கறேன். கனமில்ல, ஒரு மாத்துச் சட்டையும் டிபன் பாக்ஸும்தான். ரெண்டு நாள் தங்கச் சொன்னாலும் சொல்லுவாங்கன்னு வீட்ல வசுமதி சட்டையை மடிச்சு வெச்சா. தங்கச் சொல்லல. சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிட்டேன். திண்டிவனம் போறேன். நீங்க? மேல்மருவத்தூரா. அப்போ ஒரு மணி நேரம் இருக்கு.

என்ன பண்றீங்க? மோட்டார் ரீவைண்டிங்கா? நல்லதாப் போச்சு. உங்களுக்குச் சொன்னா புரியும். என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில எனக்கு என்ன வேலைன்னு போடறதுன்னே அவளுக்குத் தெரியல. "கம்ப்யூட்டர்"னு மொட்டையாப் போட்டா. பேர் கோதண்டபாணி, வேலை கம்ப்யூட்டர்.

இப்ப நாம ஏறினோமே, எதிர்ல அந்தப் பெரிய கேட்டு, அது ஒரு ஆராய்ச்சி நிலையம். மழை, ஏரி, வெள்ளம், இதுதான் அவங்க ஆராய்ச்சி. இவ்ளோ மழை பெஞ்சா இந்த ஏரிக்கு இவ்ளோ தண்ணி வரும்னு விஞ்ஞானிங்க கணக்கு எழுதுவாங்க. அவங்க எழுதறது மனுஷங்க படிக்கிற மாதிரி இருக்கும், மெஷினுக்குப் புரியாது. நடுவுல ஒண்ணு இருந்து அதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தரணும். அதுக்குத்தான் கம்பைலர்னு பேரு. விஞ்ஞானிங்க மாவு அரைக்கிறவங்கன்னு வெச்சுக்குங்க, நான் கிரைண்டர் செஞ்சு குடுக்கிறவன்.

வருஷா வருஷம் கம்பைலர் புதுசு வரும். எங்கெங்கயோ இருக்கறவங்க எழுதி சும்மாவே வெளியிடுவாங்க. ஆனா அது தானா வந்து உக்காராது. எங்க மெஷினோட ஆபரேட்டிங் சிஸ்டம் ரொம்பப் பழசு, அதை மாத்தினா எல்லாம் படுத்துடும்னு ஒருத்தரும் கை வெக்க மாட்டாங்க. அதோட கூட வந்த கம்பைலர் நாலாம் நம்பர். விஞ்ஞானிங்க கேக்கறதோ ஏழு, எட்டு, ஒம்பது. அதனால பழசுக்கு ஒரு கெடுதலும் வராம, பக்கத்துல தனியா புதுசைக் கட்டி, பேக் பண்ணி வெக்கணும். வேணுங்கறவங்க ஒரு வரி அடிச்சா புதுசு வரும். வேண்டாங்கறவங்களுக்குப் பழசே இருக்கும். இருபத்திரெண்டு வருஷம் அந்த வேலைதாங்க பாத்தேன்.

எதை வெச்சுப் புதுசைக் கட்டுவீங்கன்னு கேக்கறீங்களா? கரெக்டா கேட்டீங்க. பழைய கம்பைலரை வெச்சுத்தான். நேத்து மோரை உறை ஊத்தித்தானே இன்னிக்குத் தயிர், அந்த மாதிரி. பழசு ஒரு தடவை புதுசைக் கட்டும். அந்தப் புதுசு தன்னையே இன்னொரு தடவை கட்டும். அது மறுபடி தன்னைக் கட்டும். ரெண்டாவதையும் மூணாவதையும் ஒப்பிட்டுப் பாக்கணும், ஒரு புள்ளி மாறியிருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆறு மணி நேரம் ஓடும். அஞ்சரை மணி நேரம் ஒழுங்கா ஓடிட்டு எரர்னு நிக்கும். மறுபடி முதல்லேர்ந்து. அது ஓடறப்ப நான் டீக்குக் கூட எழுந்து போக மாட்டேன். போனா நின்னுடும்னு எனக்கு ஒரு எண்ணம்.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன், புழுதி.

இப்ப எதுக்குப் போனேன்னு சொல்றேன். ஜூன் கடைசியில ரிட்டையர் ஆனேன். மூணு மாசமா வீட்ல இருக்கேன். ஒரு ஆள் என்கிட்ட ஒண்ணு கேக்கறதில்லைங்க. அங்க தெனம் முப்பது பேர் கேப்பாங்க. சும்மா இருக்க முடியாம வசுமதியோட சமையல் அலமாரியை நம்பர் போட்டு மாத்தி அடுக்கினேன். ரெண்டு நாளா அவளுக்குப் பெருங்காயம் கெடைக்கல. எங்கயாவது போய்ட்டு வாங்களேன்னு கும்பிட்டா. அதனால அங்கேர்ந்து போன் வந்ததும் அவகிட்ட சொல்லிட்டேன், ஒரு வருஷத்துக்கு என்னை மறுபடி வெச்சுக்கப் போறாங்கன்னு. அவங்க அப்படிச் சொல்லல. நானா சொன்னேன். ஆனா சொல்லுவாங்கன்னுதான் போனேன்.

ஏன் சொல்லணும்? சொல்றேன், இருங்க. புதுசைக் கட்டினா அதை எங்க வெக்கறதுன்னு ஒரு கேள்வி இருக்கு. எல்லாருக்கும் பொதுவான இடம்னு ஒண்ணு மெஷின்ல இருக்கு, ஆனா அதுல வெக்க ஒரு கமிட்டி, மூணு கையெழுத்து. அஞ்சாம் நம்பர் வந்தப்ப அந்த மூணு பேர்ல ஒருத்தர் லீவு. விஞ்ஞானிங்க அவசரப்பட்டாங்க. சரின்னு தற்காலிகமா என் சொந்த டைரக்டரியில, அதாவது மெஷின்ல கோதண்டம்னு எனக்குன்னு ஒதுக்கின இடத்துல, வெச்சுக் கட்டினேன். கம்பைலர்ல ஒரு குணம் என்னன்னா, எங்க வெச்சுக் கட்டறமோ அந்த விலாசம் அதுக்குள்ளயே பதிஞ்சிடும். அதால செஞ்ச ஒவ்வொரு புரோகிராமும் ஓடறதுக்கு முன்னாடி அந்த விலாசத்துக்கு வந்துதான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கும். நாப்பது விஞ்ஞானிங்க. நாப்பது பேரோட புரோகிராமும் தெனம் கோதண்டம்ங்கற பேரைத் தேடிக்கிட்டு வரும்.

ஆமா, தப்புதான். எனக்குத் தெரியாதா? ஆறாம் நம்பர்லயே மாத்தியிருக்கலாம். கட்டறப்ப ஒரு வரியில வேற விலாசம் குடுத்தா முடிஞ்சது. வேலை இருந்துக்கிட்டே இருந்துச்சு, விட்டுட்டேன். அப்படியே பதிமூணாம் நம்பர் வரைக்கும் வந்துடுச்சு.

எனக்குக் கீழ மெர்லின்னு ஒருத்தி. நாகர்கோவில்காரி. ஒம்பது வருஷமா இருக்கா. குரலே கேக்காது, அவ்ளோ மெதுவாப் பேசுவா. ஆனா அவளுக்கு ஒரு பழக்கம், எதையும் எழுதி வெக்கணும். எந்த சாமான், எந்த வரிசை, எந்த எரர் வந்தா என்ன பண்றது, எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதி வெச்சா யார் வேணா உக்காந்து கட்டலாம்பா. சமையல் புத்தகம் வெச்சுக்கிட்டு யார் வேணா சமைச்சா கைப்பக்குவம் எதுக்குன்னு நான் கேலி பண்ணுவேன். சார், நீங்க கட்டற முறையை எழுதித் தாங்க சார்னு வாரத்துக்கு ஒரு தடவை கேப்பா. தர்றேன்மான்னு சொல்லுவேன். என் நாற்காலிக்கு அடி போடறாளோன்னு எனக்கு ஒரு சந்தேகம். மனுஷன்தானே. எல்லாம் என் மண்டையில இருக்கு, பயப்படாதேம்பேன்.

நீங்க எழுதி வெச்சிடுவீங்களா? ஒவ்வொரு மோட்டாருக்குமா? பழைய காயிலைப் பிரிக்கறப்பவே சுத்து எண்ணி, கம்பி கேஜ் பாத்து, மூடிக்கு உள்பக்கமா எழுதிடுவீங்களா. அடுத்தவன் பிரிச்சாலும் தெரியணும்னு. சரி, உங்க தொழில் வேற.

அப்புறம் ரிட்டையர்மென்ட். சால்வை போட்டாங்க, கேசரி குடுத்தாங்க, டைரக்டர் பேசினார், நான் இல்லாம இந்த மெஷின் ஓடுமான்னு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். ரிட்டையர் ஆனவங்க டைரக்டரியெல்லாம் அப்படியே கெடந்து இடத்தை அடைக்குதுன்னு பத்து வருஷத்துக்கு முன்னாடி பழைய டைரக்டர் சத்தம் போட்டார். அதுக்கு ஒரு ஸ்கிரிப்ட், தானா ஓடற ஒரு குட்டி புரோகிராம், எழுதிப் போட்டோம். ஒருத்தர் ரிட்டையர் ஆன தொண்ணூறாவது நாள் அவரோட டைரக்டரி தானா அழிஞ்சிடும். பேக்கப்பும் சேத்து அழியும், எதையும் அரைகுறையாப் பண்ணக் கூடாது பாருங்க. அதை எழுதினது யாருன்னா நான்தான்.

மறந்துட்டேங்க. அப்படி ஒண்ணு ஓடிக்கிட்டிருக்குங்கறதே மறந்துட்டேன். டைரக்டர்கிட்டயும் அதான் சொன்னேன்.

தொண்ணூத்தோராம் நாள் காலையில குளிச்சிட்டு, போனை முழுசா சார்ஜ் போட்டு எடுத்துக்கிட்டு, கூடத்துல உக்காந்தேன். கடைக்குக் கூடப் போகல. வசுமதி தயிர் வாங்கிட்டு வாங்கன்னா, நீயே போய்ட்டு வாயேன்னுட்டேன். மத்தியானம் ஆச்சு, சாயங்காலம் ஆச்சு, போன் வரல. மறுநாளும் வரல. போனை அணைச்சு மறுபடி போட்டுப் பாத்தேன். நாப்பது பேரோட புரோகிராம் நின்னிருக்கும், எப்படிக் கூப்பிடாம இருப்பாங்க? மூணாம் நாள் காலையில மெர்லின் கூப்பிட்டா. சார், சவுகரியமா இருக்கீங்களா, ஒரு நாள் வந்து போக முடியுமா சார்னா. எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. அதான் இன்னிக்குப் புதுச் சட்டை.

கேட்டுல வாட்ச்மேன் புதுசு. யாரைப் பாக்கணும்னான். நோட்டுல பேர் எழுது, போன் நம்பர் எழுதுன்னான். வந்த காரணம்னு ஒரு கட்டம். என்ன எழுதறது? "சொந்தம்"னு எழுதினேன்.

உள்ள போனா எல்லாம் ஓடிக்கிட்டிருக்கு. ரெண்டு நாள்ல மெர்லின் அஞ்சுலேர்ந்து பதிமூணு வரைக்கும் மொத்தத்தையும் மறுபடி கட்டி, கையெழுத்தும் வாங்கி, பொது இடத்துல வெச்சுட்டா. எப்படிம்மான்னேன். ஒரு ஃபைலைத் தொறந்து காட்டினா. ஒம்பது வருஷமா நான் என்ன கமாண்ட் அடிச்சாலும் மெஷின்ல பதிஞ்சிருக்கும்ல, அதை நான் கட்டி முடிச்ச ஒவ்வொரு தடவையும் எடுத்து, தேதி போட்டு எழுதி வெச்சிருக்கா. அவ வர்றதுக்கு முன்னாடி கட்டின அஞ்சும் ஆறும் கூட, பழைய பதிவைத் தேடி எடுத்திருக்கா. நீங்க பிசியா இருந்தீங்க சார், அதான் நானே எழுதிக்கிட்டேன்னா. அதுல குத்தலே இல்லைங்க. இருந்திருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

ஆனா ஒண்ணு கேளுங்க. பழைய புரோகிராமெல்லாம் என் விலாசத்தைத்தானே தேடும்? அதுக்காக கோதண்டம்னு ஒரு டைரக்டரியை மறுபடி போட்டு, அவ கட்டினதுக்கு அதுலேர்ந்து வழி விட்டிருக்கா. அப்போ என் பேரை எடுக்க முடியல பாருங்க. இன்னும் நாப்பது பேரும் என் பேர் வழியாத்தான் போறாங்க. உள்ள இருக்கறது அவ கட்டினது, அது வேற.

அப்போ என்னை ஏன் கூப்பிட்டாங்கன்னா, சத்தியபாமா மேடத்துக்காக. பெரிய விஞ்ஞானி. இந்தப் பக்கத்து ஏரிகளுக்கு வடகிழக்குப் பருவமழையில எவ்ளோ தண்ணி வரும்னு ஜூன்லேர்ந்து கணக்கு ஓட்டிக்கிட்டிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் குடுக்கணும். மதகை என்னிக்குத் தொறக்கறது, எவ்ளோ தொறக்கறதுன்னு அதை வெச்சு முடிவு பண்ணுவாங்க. அவங்க புரோகிராம்ல மட்டும் மாசத்துக்கு ஒரு தடவை மதகு விவரத்தை மாத்தி, மறுபடி கம்பைல் பண்ணணும். நாலு மாசக் கணக்கு என் ஏழாம் நம்பர்ல ஓடியிருக்கு. இப்ப மெர்லினோட ஏழாம் நம்பர்ல பண்ணினா, முன்னாடி வந்ததோட ஒட்டல. அஞ்சாவது தசமத்துல மாறுது. அது சேந்து சேந்து, இருபது நாள் கணக்குக்குள்ள ஏரி மட்டத்துல ஒரு சாண் வித்தியாசம் வந்துடுது.

மெர்லின் ஃபைல்ல ஏழாம் நம்பர் பக்கத்தைக் காட்டினா. எல்லா வரியும் இருக்கு. நடுவுல ஒரு குறிப்பு: சார் மூணாவது மணியில நிறுத்திட்டு, உள்ள ஏதோ ஒரு ஃபைலைத் தொறந்து கையால ஒண்ணு மாத்தினார், என்னன்னு தெரியல, கேக்கணும். கேட்டிருப்பா, நான் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். இன்னிக்குக் கேட்டா. டைரக்டர் நிக்கறார், சத்தியபாமா மேடம் எதிர்ல உக்காந்திருக்காங்க, தூங்கியே நாலு நாள் ஆன மாதிரி மூஞ்சி. என்ன மாத்தினீங்க சார்னு கேக்கறா.

ஞாபகம் இல்லைன்னு சொன்னேன்.

இருந்துச்சுங்க. கேட்ட நிமிஷமே ஞாபகம் வந்துடுச்சு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி மெஷினுக்குப் புது பிராசஸர் போட்டாங்க. கணக்கு பழசோட ஒத்துப் போகலைன்னு இதே மேடம் வந்து நின்னாங்க. காரணத்தை விளக்கிக்கிட்டு இருக்காம உள்ள போய் ஒரு வார்த்தையை மாத்தினேன், ஒத்துப் போயிடுச்சு. கோதண்டபாணி சார் தெய்வம்னாங்க. அதை மறப்பேனா? ஆனா அங்க நின்னப்ப தோணிச்சு, இதைச் சொல்லிட்டா முடிஞ்சது, மத்ததெல்லாம்தான் அந்த ஃபைல்ல இருக்கே. அதனால, பழைய எடத்துல உக்காந்து பொறுமையாப் பாத்தாத்தான் ஞாபகம் வரும், ஒரு மாசமோ ஒரு வருஷமோ ஒரு நாற்காலி போட்டுக் குடுங்க, கண்டுபிடிச்சுத் தர்றேன்னேன். டைரக்டர் பாக்கலாம்னார். மேடம் என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் டிபன் பாக்ஸைத் தொறந்து சாப்பிட ஆரம்பிச்சேன்.

என்ன சொன்னீங்க? உங்க கடை ஏரிக்குக் கீழயா? எந்த ஏரி? அப்படியா. அதுவும் அவங்க கணக்குல இருக்குங்க. போன தடவை தண்ணி வந்துச்சா உள்ள. இடுப்பளவா? சொல்லாமத் தொறந்துட்டாங்களா. எல்லா மோட்டாரும் போச்சா.

நான் சொல்ல மாட்டேன்னு சொல்லலையே. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லலாம்னுதான் இருந்தேன். வெள்ளிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. கேட்டு வாங்கணும்ல, தானா யார் குடுக்கறாங்க? அப்படிப் பாக்காதீங்க. நான் கெட்டவன் இல்லைங்க. மூணு மாசம் வீட்ல உக்காந்து பாத்தா உங்களுக்குத் தெரியும்.

சரி. இப்பவே போட்டுடறேன். இருங்க.

ஹலோ, மெர்லின். நான்தாம்மா. பஸ்லதான் இருக்கேன். அந்த ஏழாம் நம்பர் விஷயம், எனக்கு ஞாபகம் வந்துடுச்சு, எழுதிக்க... ஆங்? எப்போ? ஜூன்லேர்ந்தா, மொத்தமுமா? மத்தவங்க எல்லாருமா நிறுத்திட்டாங்க?... சரி... சரிம்மா... இல்ல, வேண்டாம், எழுத வேண்டாம், நீ வேலையைப் பாரு. சாப்பிட்டேன், சாப்பிட்டேன். வெச்சிடறேன்.

முதல்லேர்ந்து ஓட்டறாங்களாம். நான் கேட்டைத் தாண்டின உடனே மேடம் எழுந்து, அவரை நம்பிக் காத்திருக்க வேண்டாம், ஜூன்லேர்ந்து மெர்லின் கட்டினதுலயே ஓட்டிடலாம்னு சொல்லிட்டாங்களாம். மத்த முப்பத்தொம்பது பேரும் தங்களோட வேலையை நிறுத்திட்டு மெஷினை விட்டுக் குடுத்துட்டாங்க. நாப்பது மணி நேரம். வெள்ளிக்கிழமைக்கு முடிஞ்சிடும். உங்க மதகுக்கு ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க. பழைய ஏழு இனிமே யாருக்கும் தேவைப்படாது, நீங்க அலையாதீங்க சார்னா. இருந்தாலும் சொல்லுங்க சார், எழுதி வெச்சுக்கறேன்னா. அது எனக்காகச் சொன்னது, வேலைக்காகச் சொன்னதில்ல. அது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லைங்க. ரொம்பக் கேவலமா இருக்கு எனக்கு.

உங்க ஸ்டாப்பிங் வந்துடுச்சா? ஒரு நிமிஷம், கண்டக்டர் இன்னும் விசில் அடிக்கல. நீங்களாவது கேட்டுட்டுப் போங்க. பெருக்கலும் கூட்டலும் அடுத்தடுத்து வந்தா, புது பிராசஸர் ரெண்டையும் ஒரே மூச்சுல செஞ்சு, கடைசி இலக்கத்தை ஒரே தடவைதான் வெட்டும். பழசு பெருக்கினதும் ஒரு தடவை வெட்டும், கூட்டினதும் ஒரு தடவை வெட்டும். கம்பைலருக்கு உள்ள "ஃபாஸ்ட்"னு ஒரு வார்த்தை இருந்துச்சு. நான் அதை எடுத்துட்டு "ஆஃப்"னு போட்டேன், பழசு மாதிரியே ரெண்டு தடவை வெட்டட்டும்னு. உண்மையைச் சொன்னா புதுசு பண்றதுதான், இப்ப மெர்லின் கட்டினதுல வர்றதுதான், சரியான கணக்கு. அவ்ளோதாங்க. இத்தனை நாளா யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.